பத்து வினாடி

காலையில் ஷட்டரைத் தூக்கி
யு.பி.எஸ். பொத்தானை அழுத்தினால்
கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும்.
மேலே பழையது. கீழே புதியது.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும்.
நான் ஒன்றும் சொல்லாவிட்டால்
பழையதற்குள் போய்விடும்.

அப்படி அமைத்தவன் செபஸ்தியான்.
தேவகோட்டையில் பங்காளி என்றால் வேறு அர்த்தம்,
இவன் கடைக்கு மட்டும் பங்காளி.
லேமினேஷன் மெஷினைத் தூக்கிக்கொண்டு
திருப்பூர் போனவன்
இந்த ஒரு வரியை விட்டுப் போனான்.

ஆறு வருடம்
கீழ் அம்புக்குறியை அழுத்தினேன்.
பூக்காரம்மாள் முழம் அளக்கும்போதோ
யாராவது சில்லறை கேட்டு நிற்கும்போதோ
மறந்துவிட்டால்
நீல வானமும் பச்சை மேடும் வந்து நிற்கும்,
இந்தச் சீமையில் யாரும் பார்த்திராத பச்சை.
மறுபடி அணை. மறுபடி பத்து.

வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு.
கல்யாணப் பத்திரிகை அத்தனையும் அதற்குள்.
மாத்தூர்க் கோயில், இரணியூர்க் கோயில்,
இளையாத்தங்குடிக் கோயில் என்று
பிரிவு வாரியாக,
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
புதியதில் திறந்தால் அந்த எழுத்துருவில்
நிகழும் மங்களகரமான
கோழி கிளறிய குப்பையாகும்.

அப்புறம் அந்த பிரிண்டர்.
பழையது சொன்னால்தான் காகிதம் இழுக்கும்.
தை மாதம், முகூர்த்த நெரிசலில்,
உருளை தீய்ந்து நாற்றம் கிளம்பிச் செத்தது.
காரைக்குடி மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து
"எடைக்குப் போடுங்க" என்றார்.
போட்டேன். முந்நூற்றுப் பத்து ரூபாய்.

மாசி முழுக்க நிலோஃபர் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் யூனிகோடுக்கு மாற்றினாள்.
ஒரே ஓர் இடத்தில்
அடைக்கப்பன் அடக்கப்பன் ஆனார்.
கண்டுபிடித்தவரும் அவரே,
புது மெஷினில் ஐந்நூறு அடித்த பிறகு.

ஒரு ஞாயிறு, கடை லீவு,
பழையதின் பாகத்தைத் தொட்டு
நீக்கு என்றேன்.
உறுதியா என்று கேட்டது.
உறுதி.
இருபது வினாடிகூட ஆகவில்லை.
பதினெட்டு ஜிபி, சாம்பல் நிறத்தில், காலி.
அணைத்துப் போட்டேன்.
அப்படி ஒரு பாகம் இல்லை
என்று மட்டும் எழுதியது.
கீழே ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

டீ குடித்துவிட்டு வந்து யோசித்தேன்.
பழையது ஐந்தாம் எண். புதியது ஆறு.
ஐந்தை இடித்ததும் ஆறு தானாக ஐந்தாகிவிட்டது.
வாசலில் நிற்பவனுக்கு யாரும் சொல்லவில்லை,
அவன் ஆறைத் தேடி அலைகிறான்.
எங்கள் தெருவில் ஒவ்வொரு நிலைக்கு மேலும்
ப.எண் ஒன்று, பு.எண் ஒன்று.
கூரியர் பையன்கள் வந்து திட்டும்போதெல்லாம்
இதற்கு என்ன இவ்வளவு கோபம்
என்று நினைத்ததுண்டு.

ஒவ்வோர் எழுத்தாய்,
ஓர் அடைப்புக்குறி தப்பினாலும் முதலிலிருந்து,
நீ தேடுகிற ஆள் இப்போ ஐந்தில் இருக்கார்
என்று அதன் பாஷையில் சொன்னேன்.
நாலாவது தடவை கேட்டுக்கொண்டது.

எழுந்து வந்த பட்டியலில்
மேலே பழையதின் பெயர் அப்படியே.
சும்மா அழுத்திப் பார்த்தேன்.
அப்படி ஒரு பாகம் இல்லை.
முன்னால் 'காலஞ்சென்ற' என்று
சேர்க்கவும் அங்கே வழியில்லை.
பட்டியலைத் திருத்த ஒரு வரிக் கட்டளை போதும்.
அன்று கொடுக்கவில்லை.
புதன்கிழமை கொடுத்தேன்,
செபஸ்தியான் போன் பண்ணி
அந்த மெஷினுக்கு ரோலர் எங்கே கிடைக்கும்
என்று கேட்ட பிறகு.

இப்போது பட்டியலே வருவதில்லை.
நேரே உள்ளே.
விரல் மட்டும் போய்
கீழ் அம்புக்குறியைத் தட்டிவிட்டு வருகிறது.
"என்னம்மா, கரண்ட் இல்லையா,
அப்படியே நிக்கிறீங்க?"
பூக்காரம்மாள் கேட்டார்.
இருக்கு என்றேன்.
ரெண்டு முழம் குடுங்க.